பல் வேரில் ஒரு துளை: கண்டுபிடிப்பதும் காப்பாற்றுவதும்

"பல் போனால் சொல் போச்சு" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். மும்பைக்கு வந்து இரண்டு மூன்று தலைமுறை ஆன பின்னும், மாட்டுங்கா, செம்பூர், தாராவிப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இந்தப் பழமொழி இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் பல் வலி என்று வந்துவிட்டால் அதே பெரியவர்கள், "பேசாம புடுங்கிப் போட்டுட்டா நிம்மதி" என்பார்கள். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் என்னைப் போன்ற பல் மருத்துவர்களின் பிழைப்பு நடக்கிறது.

மலருக்குக் கட்டுரை கேட்ட சங்கத்து நண்பர்கள், "பல் துலக்குவது எப்படின்னு எழுதிடாதீங்க டாக்டர், அது பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கு" என்று முன்கூட்டியே எச்சரித்துவிட்டார்கள். எனவே, மருத்துவர்கள் பொதுவாக வெளியில் பேசத் தயங்கும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். ரூட் கெனால் சிகிச்சையின்போது பல்லின் சுவரிலோ வேரிலோ தவறுதலாகத் துளை விழுந்துவிடுவது உண்டு. அதை எப்படிக் கண்டுபிடிப்பது, அந்தப் பல்லைக் காப்பாற்ற முடியுமா, முடியாதா என்பதுதான் இங்கே பேசப்போகும் பொருள். யாரோ ஒருவருக்கு நேர்ந்ததாக எழுதலாம். ஆனால் எனக்கே நேர்ந்ததைச் சொல்லித் தொடங்குவதுதான் முறை.

என் நாற்காலியில் நடந்தது

2005ஆம் ஆண்டு, சித்திரை மாதம். தாராவியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். அண்ணாச்சி என்றே இங்கே குறிப்பிடுகிறேன். கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல். பல வருஷம் சொத்தையோடு இருந்ததால் உள்ளே இருக்கும் கால்வாய்கள் சுண்ணாம்பு படிந்து சுருங்கிப் போயிருந்தன. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, கால்வாயின் வாயைத் தேடி டிரில்லால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டிருந்தேன். இதோ அகப்பட்டுவிட்டது என்று நினைத்த அதே நொடியில், குழிக்குள் குபுக்கென்று ரத்தம் ஊறியது. சுருங்கிப்போன கால்வாயிலிருந்து அப்படி ரத்தம் வராது. பல்லின் அடித்தளத்தையே துளைத்துவிட்டேன் என்று புரிந்தபோது எனக்கு வியர்த்துவிட்டது.

கையை எடுத்துவிட்டேன். வாயைத் திறந்தபடி படுத்திருந்தவர் பஞ்சை ஒதுக்கிவிட்டு, "என்ன டாக்டர் தம்பி, சத்தத்தையே காணோம்?" என்றார்.

அன்று நான் என்ன சொன்னேன் என்பதைக் கட்டுரையின் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்பு பல்லைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

பல்லுக்குள் என்ன இருக்கிறது?

வெளியே நமக்குத் தெரிவது எனாமல். உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். அதற்குள் டென்டின் என்ற மஞ்சள் நிறப் பகுதி. அதற்கும் உள்ளே, நடுவில், நரம்பும் ரத்தக் குழாய்களும் அடங்கிய பற்கூழ். இந்தக் கூழ் பல்லின் தலைப்பகுதியில் ஒரு சின்ன அறையிலும், அந்த அறையிலிருந்து வேர்களின் நுனி வரை இறங்கும் மெல்லிய கால்வாய்களிலும் இருக்கிறது. இந்தக் கால்வாய்க்குத்தான் ரூட் கெனால் என்று பெயர். "எனக்கு ரூட் கெனால் பண்ணினாங்க" என்று நாம் சொல்வது உண்மையில் அந்தக் கால்வாய்க்குச் செய்யும் சிகிச்சையை.

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு வேர். முன் வேரில் இரண்டு, பின் வேரில் ஒன்றோ இரண்டோ என்று கால்வாய்கள் இருக்கும். வேர்கள் பிரியும் இடத்தைக் கவட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். கூழ் அறையின் தரைக்கும் இந்தக் கவட்டைக்கும் இடையே உள்ள தடிமன் சுமார் 3 மில்லிமீட்டர்தான். வேரைச் சுற்றி மெல்லிய நார்ச் சவ்வு. அதைச் சுற்றித் தாடை எலும்பு. பல் எலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. இந்தச் சவ்வில் தொட்டில் கட்டினாற்போல் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ரூட் கெனால் சிகிச்சையில் கிருமி பிடித்த கூழை எடுத்துவிட்டு, மெல்லிய கம்பி போன்ற ஃபைல்களால் கால்வாயைச் சீவி, சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தால் கழுவி, கட்டா பெர்ச்சா என்ற பொருளால் அடைக்கிறோம். இந்தக் கட்டா பெர்ச்சா மலேயாப் பகுதி மரம் ஒன்றின் பால். 19ஆம் நூற்றாண்டில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்த அதே சரக்குதான், இன்று நம் பல் வேருக்குள்ளும் இருக்கிறது.

கால்வாய்க்கும் அந்த நார்ச் சவ்வுக்கும் நடுவே, இருக்கக்கூடாத இடத்தில் ஒரு வழி திறந்துவிட்டால் அதுதான் துளை. துளை விழுந்தால் கிருமி போவதற்கும் வருவதற்கும் புதிய வாசல் திறந்த மாதிரி. சவ்வு அழற்சி அடையும், எலும்பு கரையும், ஈறு பல்லை விட்டு விலகும், கடைசியில் பல் ஆடும்.

துளை எப்படி விழுகிறது?

நோய் இன்னது, அது வந்த காரணம் இன்னது, தணிக்கும் வழி இன்னது என்று வரிசையாக ஆராயச் சொல்கிறது திருக்குறளின் மருந்து அதிகாரம். அந்த வரிசையிலேயே போவோம்.

சில துளைகள் மருத்துவர் கைபடாமலே வருகின்றன. சொத்தை ஆழமாக இறங்கித் தரையை அரிக்கலாம். அடிபட்ட பல்லில் வேர் தானாகவே கரைந்து ஓட்டை விழலாம். மற்றவை சிகிச்சையின்போது விழுபவை. அவை பெரும்பாலும் மூன்று கட்டங்களில் நேர்கின்றன.

முதல் கட்டம், அறையைத் திறக்கும்போது. பல் சாய்ந்திருக்கலாம், மேலே ஏற்கெனவே கேப் போட்டிருப்பதால் உள்ளே திசை தெரியாமல் போகலாம், அண்ணாச்சிக்கு இருந்த மாதிரி கால்வாய்கள் சுண்ணாம்படைந்திருக்கலாம். டிரில் கொஞ்சம் திசை மாறினால் பக்கச் சுவரிலோ தரையிலோ துளை விழும்.

இரண்டாம் கட்டம், கால்வாயைச் சீவும்போது. வேர்கள் நேராக இருப்பதில்லை; வளைந்திருக்கும். ஃபைலோ எஃகுக் கம்பி, அது நிமிரப் பார்க்கும். கீழ்க் கடைவாய்ப் பல்லின் முன் வேரில், கவட்டையைப் பார்த்த பக்கத்துச் சுவர் மிகவும் மெல்லியது. அளவுக்கு மீறிச் சீவினால் அந்தச் சுவர் நீளவாக்கில் கீறிக்கொண்டு திறந்துவிடும். இந்தப் பகுதிக்கு எங்கள் பாடப் புத்தகங்களே 'ஆபத்துப் பகுதி' என்று பெயர் வைத்திருக்கின்றன. வேரின் நுனியிலும் ஃபைல் தடம் மாறி வெளியே போவது உண்டு.

மூன்றாம் கட்டம், பல் ரொம்பவும் உடைந்திருந்தால் கேப் நிற்பதற்காக வேருக்குள் போஸ்ட் என்ற சிறு கம்பியை நிறுத்துகிறோமே, அதற்கு இடம் தோண்டும்போது. ரூட் கெனால் நல்லபடியாக முடிந்த பிறகு இங்கேதான் பலர் கோட்டை விடுகிறோம். 1989இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்றில், பார்க்கப்பட்ட வேர்த்துளைகளில் 53 சதவிகிதம் போஸ்ட் வைக்கும் வேலையின்போதும், 47 சதவிகிதம் ரூட் கெனால் வேலையின்போதும் விழுந்தவை என்று கண்டார்கள். வேரின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போஸ்ட் தடிமனாக இருக்கக் கூடாது, நுனியில் 4 முதல் 5 மில்லிமீட்டர் கட்டா பெர்ச்சாவை விட்டுவைக்க வேண்டும் என்ற விதிகள் இதைத் தவிர்க்கத்தான்.

கண்டுபிடிப்பது எப்படி?

அப்போதே கண்டுபிடிப்பது ஒன்று; மாதங்கள், வருஷங்கள் கழித்துக் கண்டுபிடிப்பது இன்னொன்று.

அப்போதே தெரியும் அறிகுறிகள்: உலர்ந்திருந்த குழியில் திடீரென்று பளிச்சென்ற ரத்தம், மரத்திருந்த பல்லில் சுரீரென்ற வலி, கழுவும் திரவம் வாய்க்குள் கசிந்து கசப்பு, பிளீச்சிங் வாடை தெரிவது. கால்வாயை உலர்த்தக் காகித முனை ஒன்றை உள்ளே விடுவோம். ரத்தம் அதன் நுனியில் இல்லாமல் பக்கவாட்டில் ஒட்டியிருந்தால், துளை சுவரில் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

சந்தேகத்தை உறுதிப்படுத்தும் கருவி அபெக்ஸ் லொகேட்டர். வாய்ச் சவ்வுக்கும் வேரைச் சுற்றிய சவ்வுக்கும் இடையே மின்தடை ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது என்பதை 1942இல் ஜப்பானில் சுசுகி கண்டார். அதைக் கொண்டு 1962இல் சுனாடா கால்வாயின் நீளத்தை அளக்கும் வழி செய்தார். நோயாளியின் உதட்டில் ஒரு கொக்கியை மாட்டி, கால்வாய்க்குள் போகும் ஃபைலில் இன்னொரு முனையை இணைத்தால், ஃபைல் வேர் நுனியைத் தொடும்போது கருவி சத்தம் கொடுக்கும். துளை இருந்தாலோ, 20 மில்லிமீட்டர் போக வேண்டிய ஃபைல் ஐந்தாறு மில்லிமீட்டரிலேயே 'வெளியே வந்துவிட்டாய்' என்று அலறவைக்கும். விலை உயர்ந்த ஸ்கேன் இல்லாத சிறிய கிளினிக்கிலும் இந்த ஒரு கருவி போதும், துளையைக் கண்டுகொள்ளலாம்.

எக்ஸ்ரேயை ஒரே கோணத்தில் எடுத்தால் ஏமாந்துபோவோம். எக்ஸ்ரே நிழல்தானே? கன்னப் பக்கமோ நாக்குப் பக்கமோ விழுந்த துளை, வேரின் நிழலுக்குள் ஒளிந்துகொள்ளும். கோணம் மாற்றி இரண்டு மூன்று படம் எடுக்க வேண்டும். அதிலும் தெளிவில்லை என்றால் சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண ஸ்கேன் இருக்கிறது. ஆனால் உள்ளே உலோகப் போஸ்ட் இருந்தால் அதைச் சுற்றி நிழல் சிதறி அதுவும் நம்மைக் குழப்பும். எல்லாவற்றிலும் மேலானது கண்ணால் நேரே பார்ப்பது. அதற்குத்தான் பல் மருத்துவ மைக்ராஸ்கோப்.

தாமதமாகக் கண்டுபிடிக்கும் துளைகள் வேறு மாதிரி. ரூட் கெனால் செய்து முடித்த பல்லில், மாதங்கள் கழித்து ஈறில் கொப்புளம் போல ஒன்று எழும்பிச் சீழ் வடியும், வற்றும், மறுபடி வரும். கடிக்கும்போது ஒரு மாதிரி இருக்கும். ஈறை அளக்கும் கம்பியை வைத்தால், பல்லைச் சுற்றி மற்ற இடங்களில் 2, 3 மில்லிமீட்டர் காட்டுவது ஒரே ஓர் இடத்தில் மட்டும் சரசரவென்று ஆழமாக இறங்கும். வேர் நீளவாக்கில் விரிசல் விட்டிருந்தாலும் இதே அடையாளங்கள் தெரியும். விரிசல் என்றால் பெரும்பாலும் பல்லையோ அந்த வேரையோ எடுக்க வேண்டியதுதான். துளை என்றால் வழி இருக்கலாம். ஆகையால் இரண்டையும் பிரித்தறியாமல் முடிவெடுக்கக் கூடாது.

மூன்று கேள்விகள்

துளை விழுந்த பல் பிழைக்குமா என்பதற்கு மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். 1996இல் ஃபுஸ், ட்ரோப் என்ற இருவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகெங்கும் இந்த வரிசையில்தான் யோசிக்கிறார்கள்.

எப்போது விழுந்தது? இப்போதுதான் விழுந்தது என்றால், சுத்தமான சூழலில் உடனே அடைத்துவிடலாம். பழைய துளை என்றால் அதற்குள் கிருமி குடியேறியிருக்கும்.

எவ்வளவு பெரிசு? மெல்லிய ஃபைல் போட்ட ஓட்டைக்கும் தடித்த டிரில் போட்ட ஓட்டைக்கும் வித்தியாசம் உண்டு. பெரிய துளையில் மருந்து வெளியே பிதுங்கும். முழுசாக அடைபடுவதும் கஷ்டம்.

எங்கே விழுந்தது? இதுதான் மிக முக்கியம். எலும்புக்கு மேலே இருந்தால் சாதாரணச் சொத்தையை அடைப்பதுபோல வெளியிலிருந்தே அடைத்துவிடலாம். வேர் நுனிப் பக்கம் ஆழத்தில் இருந்தால், வாயிலுள்ள கிருமிகள் அங்கே எட்டாது; கால்வாயை நன்றாக அடைத்தால் பெரும்பாலும் தப்பிக்கும். நடுவில், எலும்பின் விளிம்பை ஒட்டி, ஈறுக்குப் பக்கத்தில் விழுந்தால்தான் ஆபத்து. எச்சிலும் கிருமியும் அந்தத் துளையைச் சுலபமாக எட்டிவிடும். ஈறின் தோல் கீழே இறங்கித் துளையோடு சேர்ந்துகொள்ளும். கடைவாய்ப் பல்லின் கவட்டைத் துளையும் இந்த வகையைச் சேர்ந்தது.

இடமும் அளவும் விழும்போதே தீர்மானமாகிவிட்டவை; அவற்றை மாற்ற முடியாது. காலம் ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது.

சிமெண்ட் செய்த புரட்சி

நான் படித்த காலத்தில் துளையை அடைக்க எங்களிடம் இருந்தவை வெள்ளி அமால்கம், தற்காலிக சிமெண்ட், கட்டா பெர்ச்சா ஆகியவை. எதுவும் சரியாக நிற்கவில்லை. காரணம் எளிது. துளைக்கு அந்தப் பக்கம் ஈரம், ரத்தம். எந்தப் பொருளானாலும் உலர்ந்த இடம் கேட்டது. அல்லது சுற்றியுள்ள திசுவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ஈரத்தில் இறுகும் பொருள் எது? சிமெண்ட்! இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமெண்டை, 1878லேயே ஜெர்மனியில் விட்டே என்ற பல் மருத்துவர் வேர்க்கால்வாய் அடைக்கப் பயன்படுத்தி எழுதியிருக்கிறார். நம் நாட்டில் சிமெண்ட் செய்யும் ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று 1904இல் சென்னையில் கடற்சிப்பிகளைக் கொண்டு நடந்தது என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் பல் மருத்துவ உலகம் விட்டே சொன்னதை ஒரு நூற்றாண்டுக்கு மேல் மறந்தேபோயிற்று.

1990களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபினெஜாத் என்ற பேராசிரியர் எம்.டி.ஏ. என்ற பொருளை உருவாக்கினார். 1993இல் வெளியான முதல் கட்டுரைகளில் ஒன்றே வேர்த்துளை அடைப்பைப் பற்றியதுதான். சாரம் பார்த்தால் முக்கால் பங்கு சுத்திகரித்த போர்ட்லண்ட் சிமெண்ட், ஐந்தில் ஒரு பங்கு, எக்ஸ்ரேயில் தெரிவதற்காகச் சேர்த்த பிஸ்மத் ஆக்சைடு, மிச்சம் ஜிப்சம். அதற்காகக் கட்டடச் சிமெண்டைக் குழைத்துப் போட்டுவிடலாம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதில் ஆர்செனிக் போன்ற நச்சுப் பொருட்கள் கலந்திருக்கக்கூடும்.

எம்.டி.ஏ. ஈரத்தில்தான் இறுகுகிறது. இறுக சுமார் 2 மணி 45 நிமிடம் ஆகும். கடும் காரத்தன்மை உடையது. கிருமிகளுக்கு அது பிடிக்காது. எல்லாவற்றையும்விட ஆச்சரியம், திசு இதை அந்நியப் பொருளாக ஒதுக்குவதில்லை. 1995இல் வெளியான ஆய்வில், நாய்களின் பற்களில் கவட்டைத் துளை போட்டு எம்.டி.ஏ.வால் அடைத்துப் பார்த்தார்கள். உடனே அடைத்த பெரும்பாலான பற்களில் அழற்சியே இல்லை. மருந்தின் மேல் வேரின் இயற்கை உறையான சிமெண்டம் வளர்ந்திருந்தது. துளையை எச்சில் படும்படி விட்டுப் பிறகு அடைத்தவற்றில் பலன் குறைந்தது. அமால்கம் வைத்த பற்களிலோ அழற்சி நீங்கவே இல்லை.

எம்.டி.ஏ.வுக்கும் குறைகள் உண்டு. நேரம் அதிகம், குழைத்தால் ஈர மணல் போல இருக்கும், முன்பல்லில் வைத்தால் நிறம் மாற்றிவிடும், விலையும் ஜாஸ்தி. பிறகு வந்த பயோடென்டின் போன்றவையும் கால்சியம் சிலிகேட் குடும்பம்தான். ஆனால் பயோடென்டின் 12 நிமிடம் போல இறுகிவிடும். ஆகவே பல நேரம் ஒரே அமர்வில் வேலையை முடிக்கலாம்.

அடைக்கும் முறை

துளை விழுந்தது தெரிந்த உடனே மருத்துவர் செய்ய வேண்டிய முதல் வேலை, நிறுத்துவது. 'இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம்' என்று போனால் துளைதான் பெரிசாகும். இரண்டாவது, சோடியம் ஹைப்போகுளோரைட்டைக் கொண்டு அழுத்திக் கழுவக் கூடாது. அது துளை வழியாக வெளியே போனால் கடும் வலி, முகமெல்லாம் வீக்கம், ரத்தக் கட்டு என்று வேறு விபத்தில் முடியும். சலைன் நீரால் மெதுவாகக் கழுவி, ஈரப் பஞ்சால் அழுத்தி ரத்தத்தை நிறுத்த வேண்டும். எச்சில் புகாமலிருக்க ரப்பர் டேம் என்ற ரப்பர் விரிப்பு கட்டாயம்.

உண்மையான கால்வாய்களின் வாயை மருந்து மூடிவிடாமல் ஃபைலோ கட்டா பெர்ச்சாவோ செருகிப் பாதுகாத்துக்கொள்ள வேண்டும். துளை பெரியது என்றால் வெளிப்பக்கம் கொலாஜன் போன்ற கரையும் பொருளை முட்டுக்கொடுத்து, அதன்மேல் எம்.டி.ஏ.வைச் சிறிது சிறிதாக வைத்து இலேசாகத் தட்டிவிட வேண்டும். மேலே ஈரப் பஞ்சு. அது இறுகியதைச் சரிபார்த்த பிறகு மீதி ரூட் கெனால் வேலை. பழைய, கிருமி பிடித்த துளையென்றால் முதலில் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து, சில நாள் கழித்து அடைப்பதும் உண்டு.

உள்ளிருந்து எட்டாத துளையை ஈறைத் திறந்து வெளியிலிருந்து அடைக்கலாம். வேர் நுனியில் என்றால் அந்த நுனியையே வெட்டி எடுக்கலாம். இரண்டு வேர்ப் பல்லில் ஒரு வேரை மட்டும் நீக்கி மற்றதைக் காப்பாற்றலாம். எதுவும் முடியாதபோதுதான் பல்லை எடுப்பது, பிறகு இம்ப்ளாண்டோ பிரிட்ஜோ வைப்பது.

பலன் எப்படி? 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முந்தைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, அடைத்த துளைகளில் 72.5 சதவிகிதம் வெற்றி என்றும், எம்.டி.ஏ. பயன்படுத்தியவற்றில் 80.9 சதவிகிதம் என்றும் கணக்கிட்டது. சிகிச்சைக்கு முன்பே துளைக்கு அருகில் எலும்பு கரைந்திராத பற்கள் நன்றாகப் பிழைத்தன என்பதும் அதில் தெரிந்தது. அதாவது, சீக்கிரம் கண்டவை பிழைத்தன.

சொல்வதா, மறைப்பதா?

இப்போது அண்ணாச்சியிடம் வருகிறேன். "சத்தத்தையே காணோம்?" என்று அவர் கேட்டபோது எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தன. பஞ்சை வைத்து மூடி, "இன்னிக்கு இது போதும், அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பலாம். அல்லது சொல்லலாம். மூடி அனுப்பினால் என்ன ஆகும் என்று தெரியும். அவருக்கு இரண்டு நாளில் கோவில் கொடைக்காக ஊருக்கு ரயில். திரும்பி வர ஒரு மாதம். ஒரு மாதத்தில் கவட்டை எலும்பு கரைந்திருக்கும்.

சொன்னேன். "அண்ணாச்சி, கால்வாயைத் தேடும்போது பல்லோட அடியில ஓட்டை போட்டுட்டேன். தப்பு என்னோடதுதான். இன்னிக்கே அடைச்சா பல் தப்பிக்கும். தள்ளிப் போட்டா கஷ்டம்."

அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு, "ஓட்டை விழுந்துட்டுன்னா அடைக்க வேண்டியதுதானே தம்பி? கடையில குடம் ஓட்டையானா பத்த வச்சுக் குடுக்கலையா? ஆனா ஒண்ணு, ஒழுகாம அடைக்கணும்" என்றார்.

என்னிடம் அன்று எம்.டி.ஏ.வும் இல்லை, மைக்ராஸ்கோப்பும் இல்லை. இரண்டும் வைத்திருந்த என் ஆசிரியருக்கு போன் செய்தேன். சாயங்காலமே அழைத்துக்கொண்டு போனேன். அவர் அடைக்க, நான் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தேன். மறுநாள் இறுகியிருப்பதைப் பார்த்து, தற்காலிக அடைப்புப் போட்டு ஊருக்கு அனுப்பினோம். திரும்பி வந்ததும் மீதி வேலையை முடித்துக் கேப் போட்டேன். அதற்குக் காசு வாங்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். சில வருஷம் கழித்து ஓர் அம்மா வந்தார். வேறோரிடத்தில் போஸ்ட் வைத்துக் கேப் போட்ட பல். இரண்டு வருஷமாக ஈறில் கொப்புளம். வரும்போதெல்லாம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். போஸ்ட் வேரைத் துளைத்து வெளியே போயிருந்தது. துளை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் சுற்றிலும் எலும்பு இல்லை. "அப்பவே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?" என்று கேட்டார். பல்லை எடுக்க வேண்டியதாயிற்று.

மருத்துவச் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், ஆபத்துகள் ஆகியவற்றைச் சொல்லித்தான் நோயாளியின் சம்மதம் பெற வேண்டும் என்று 2008இல் இன்னொரு தீர்ப்பு. அந்தப் பயத்தில்தான் சில மருத்துவர்கள் மறைக்கிறார்கள். அது தப்புக் கணக்கு. கவனமாக வேலை செய்யும் கைக்கும் துளை நேரலாம். அது மட்டுமே அலட்சியம் ஆகிவிடாது. தெரிந்த பிறகு மூடி மறைத்தால் அதற்கு என்ன பதில் சொல்வது? சட்டத்தை விடுங்கள். மறைக்கும் ஒவ்வொரு வாரமும் அந்தப் பல்லின் ஆயுளில் கழிகிறது.

நம் மக்கள் கவனத்துக்கு

வெளியூரில் பிழைக்கும் நமக்கென்று ஒரு பழக்கம் உண்டு. பாதி ரூட் கெனால் மும்பையில், மீதி ஊரில் லீவுக்குப் போகும்போது. "அங்கே நம்ம டாக்டர் இருக்கார், சல்லிசா முடிச்சிடலாம்" என்போம். திறந்த பல்லோடு நாள் கடத்துவதும், யார் எங்கே என்ன செய்தார்கள் என்று தெரியாமல் இன்னொருவர் தோண்டுவதும் துளைக்கு வழி செய்பவை. தொடங்கிய இடத்திலேயே முடியுங்கள். முடியாவிட்டால் எக்ஸ்ரேக்களையும், எத்தனை கால்வாய், எவ்வளவு நீளம் என்ற குறிப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். கேட்பது உங்கள் உரிமை.

சிகிச்சை தொடங்குமுன் எக்ஸ்ரே எடுக்கிறார்களா, ரப்பர் டேம் போடுகிறார்களா என்று கவனியுங்கள். நடுவில் திடீர் வலியோ, பிளீச்சிங் வாடையோ தெரிந்தால் கையைத் தூக்கிச் சொல்லுங்கள், பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். முடிந்த பல்லில் ஈறுக் கொப்புளம் வந்தால் மருந்துக்கடை மாத்திரையோடு நிற்காதீர்கள். எந்த மாத்திரையும் ஓட்டையை அடைக்காது. துளையை அடைத்த பல்லை ஆறு மாதத்தில் ஒரு தடவை, ஒரு வருஷத்தில் ஒரு தடவை, பிறகு ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

மருத்துவர் "இப்படி ஆகிவிட்டது" என்று தானே முன்வந்து சொன்னால், தயவுசெய்து அங்கேயே சண்டைக்கு நிற்காதீர்கள். கேள்வி கேளுங்கள்: எங்கே விழுந்தது, எவ்வளவு பெரிசு, எதைக் கொண்டு அடைக்கப் போகிறீர்கள், இன்றைக்கே முடியுமா, உங்களால் முடியாவிட்டால் யாரிடம் போகலாம்? இந்த ஐந்து கேள்விக்கும் நேரான பதில் கிடைத்தால் உங்கள் பல் பாதி பிழைத்த மாதிரி.

அண்ணாச்சிக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். எல்லோருக்கும் இப்படி அமையும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் அவருடைய அந்தப் பல் இன்னும் வாயில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை படம் எடுக்க வருவார். நாற்காலியில் சாய்ந்ததும் தவறாமல் கேட்பார்: "என்ன டாக்டர் தம்பி, நம்ம குடம் ஒழுகலையே?"